எந்த ஜவ்வு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கீழ் மூலையில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. பள்ளிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் மாணவி ஒருவருக்கு முழங்காலில் ஜவ்வு விலகிவிட்டது, முதலுதவிக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டார். அவ்வளவுதான். அதற்கு மேலே கோப்பையைத் தூக்கிப் பிடித்த அணியின் படம் பெரிதாக. படத்தைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் ஜெயித்திருக்கிறார்கள், போட வேண்டியதுதான். எனக்கு உறுத்தியது 'ஜவ்வு விலகியது' என்ற இரண்டு வார்த்தை. எந்த ஜவ்வு?

கேள்வி விதண்டாவாதமாகத் தெரியலாம். நான் 32 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் 'பீட்டி சார் வீடு' என்று கேட்டால் இப்போதும் வழி சொல்வார்கள். என் இடது முழங்காலுக்குள் இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். 1983 மாட்டுப் பொங்கல் ராத்திரி தொடங்கிய கதை 2022-இல் அந்த உலோகத்தில் வந்து நின்றது. இடையில் 39 ஆண்டுகள், யார் கேட்டாலும் 'ஜவ்வு போயிடுச்சு' என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த ஜவ்வு என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 23 வயது. பக்கத்து ஊரில் ட்யூப் லைட் கட்டி, வைக்கோல் பரப்பி, விடிய விடிய ஆட்டம். அரையிறுதியில் பாடிப் போனவன் திரும்பும்போது இடது காலை ஊன்றி உடம்பை வலப்பக்கம் வெட்டினேன். கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். மறுநாள் காலையில் கட்டுப் போடுகிறவர் வந்தார். எண்ணெய் விட்டு நீவினார், நான் போட்ட சத்தத்தில் மாட்டுக் கொட்டகையில் மாடு மிரண்டது. முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர், காசு கூட வாங்கவில்லை. எலும்பு முறிவில் அவர் கைராசியைப் பற்றி ஊரில் பத்துக் கதை உண்டு. ஆனால் எனக்கு முறிந்திருந்தது எலும்பில்லையே.

மூன்று மாதத்தில் நடந்தேன், ஓடினேன். சித்திரைத் திருவிழாவில் மறுபடி களத்தில் இறங்கினேன். நேராக ஓடினால் ஒன்றும் இல்லை. வெட்டித் திரும்பினால் கால் 'விட்டு'விடும். அப்படியே பதினோரு வருடம் ஆடினேன், பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லியும் கொடுத்தேன். 1994-இல் ஒரு நாள் மைதானத்தில் குனிந்து பந்தை எடுத்தவன் காலை நீட்ட முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். மடங்கிய கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. ஒரு பெரிய ஊரில் அறுவை செய்து, உள்ளே கிழிந்து சுருண்டு கிடந்ததை முழுசாக எடுத்துவிட்டார்கள். குப்பியில் போட்டுக் காட்டினார்கள். தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. 'ஜவ்வை எடுத்தாச்சு, இனிமே தொந்தரவு இல்ல' என்றார்கள். உண்மையில் தொந்தரவு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இப்போது நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் பேச்சில் ஜவ்வு என்ற ஒரே சொல் முழங்காலுக்குள் மூன்று வேறு வேறு சாமானைக் குறிக்கிறது. முதலாவது கயிறு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார்கள். முழங்காலுக்கு இவை முக்கியமாக நான்கு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. நடுவில் முன்னால் இருப்பதைத்தான் டாக்டர்கள் ஏசிஎல் என்கிறார்கள். இரண்டாவது வாஷர். இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் உட்கார்ந்து அதிர்ச்சியைத் தாங்கும் மெனிஸ்கஸ், காலுக்கு இரண்டு. குப்பியில் நான் பார்த்த தேங்காய்க் கீற்று அதுதான். மூன்றாவது பூச்சு. எலும்பின் முனையில் பீங்கான் மாதிரி வழுவழுப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பு. வயதானவர்கள் 'தேய்மானம்' என்று சொல்வது இந்தப் பூச்சு போவதை.

கயிறு அறுந்தால் செய்ய வேண்டியது வேறு, வாஷர் கிழிந்தால் வேறு, பூச்சு தேய்ந்தால் முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு, ஒருத்தருக்குக் கேட்ட வைத்தியத்தை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் கதையில் மூன்றும் வரிசையாகப் போயின. 1983-இல் கயிறு அறுந்தது. கயிறு இல்லாத மூட்டு ஆடி ஆடி வாஷரைக் கிழித்தது. வாஷரை மொத்தமாக எடுத்தபின் எலும்பின் பூச்சு தேய்ந்தது. வாஷரை எடுத்த மூட்டு காலப்போக்கில் தேயும் என்று 1948-லேயே ஃபேர்பாங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் எக்ஸ்ரேக்களை வைத்து எழுதியிருக்கிறார் என்பதை ஒரு இளம் டாக்டர் எனக்குச் சொன்னபோது எனக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

அந்த டாக்டரிடம் நான் போனது எனக்காக அல்ல, ஒரு மாணவிக்காக. 2024 ஆகஸ்ட், குறுவட்டப் போட்டி. ஓய்வு பெற்றவன் என்றாலும் நடுவர் குறைந்தால் கூப்பிட்டு விசிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். செம்மண் களம், முதல் நாள் தூறல் வேறு. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை, அணியின் முதல் ரெய்டர், அதாவது பாடிப் போகிறவள். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பும்போது கார்னரில் நின்றவள் பாய்ந்தாள். இவள் துள்ளி ஒற்றைக் காலில் இறங்கி, அந்தக் காலிலேயே திரும்பினாள். யார் கையும் அவள்மேல் படவில்லை. முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், நடுக்கோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. 1983-இல் எனக்குள் கேட்ட அதே சத்தம்.

கூட்டம் வழுக்கி விழுந்தாள் என்றுதான் நினைத்தது. பத்து நிமிடத்தில் வலி குறைந்து எழுந்து நின்றுவிட்டாள். 'சார், ஒண்ணும் இல்ல சார், ஆடிருவேன்' என்றாள். இதுதான் இந்தக் காயத்தின் ஏமாற்று வித்தை. அறுந்த கொஞ்ச நேரத்தில் நடக்க முடியும், சிலரால் மெதுவாக ஓடவும் முடியும். நான் விடவில்லை. ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் 11.20 என்று குறித்து வைத்தேன். முழங்கால் பனங்காய் மாதிரி உருண்டு வீங்கியபோது மணி 12.45.

இந்த நேரக் கணக்கைத்தான் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அடிபட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் உள்ளே பெரும்பாலும் ரத்தம் சேர்ந்திருக்கிறது. ரத்தம் வந்தால் பெரும்பாலும் கயிறு அறுந்திருக்கும், அல்லது முழங்கால் சில்லு நழுவியிருக்கும், அல்லது எலும்பில் விரிசல் விழுந்திருக்கும். மூன்றுமே வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் அல்ல. மறுநாள் மெதுவாக வீங்கினால் பெரும்பாலும் அது நீர். வாஷர் கிழிசலில் அப்படி நடக்கும். டாக்டரிடம் போகும்போது 'வீங்கியிருக்கு' என்று மட்டும் சொல்கிறோம். எப்போது வீங்கியது என்று சொன்னால் பாதி நோயை நாமே கண்டுபிடித்துக் கொடுத்தது மாதிரி.

அன்று சாயங்காலமே டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். 'எலும்புல ஒண்ணும் இல்ல, ஜவ்வுதான், பத்து நாள்ல சரியாயிடும்' என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். கயிறும் தெரியாது, வாஷரும் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்கு எலும்பு உடையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த அளவில் எக்ஸ்ரே தேவைதான். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, முழங்காலைச் செங்கோணத்துக்கு மடக்க முடியவில்லை, சில்லைத் தொட்டால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், அங்கேதான் இடறுகிறோம்.

அந்த வீட்டில் அவளுடைய அப்பாயி நீவி விடுகிறவரைக் கூட்டி வந்துவிட்டார். வீங்கிய மூட்டை அந்த முதல் சில நாட்களில் அழுத்தி நீவக் கூடாது. ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், துணிக்கு மேலே வைக்க வேண்டும். காலைத் தூக்கி வைக்கலாம், சுற்றுக்கட்டு போடலாம். நான் போய்ச் சொன்னேன். 'நீங்க வாத்தியாரு, வைத்தியம் நாங்க பாத்துக்கறோம்' என்றார் அப்பாயி. சரி, அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.

பதினைந்தாம் நாள் வீக்கம் வடிந்து நொண்டாமல் நடந்தாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். திண்ணையிலிருந்து இறங்கி அப்படியே இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினாள், கால் மடங்கித் தூணைப் பிடித்துக்கொண்டாள். 'கால் விட்டுருச்சு சார்.' அப்பாயி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளும் அவள் அம்மாவும் நானும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் பஸ்ஸில் போனோம்.

அங்கே எலும்பு மூட்டுப் பிரிவின் ஓபியில் இருந்த இளம் டாக்டர், படம் எதுவும் கேட்கும் முன் அவளைப் படுக்க வைத்து முழங்காலைக் கொஞ்சமாக, ஒரு முப்பது டிகிரிக்குள் மடக்கினார். ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். முதலில் நல்ல காலில், அப்புறம் அடிபட்ட காலில். நல்ல காலில் கயிறு இழுத்துக் கட்டியது மாதிரி டக்கென்று நின்றது. இந்தக் காலில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. என் கையை வைத்தும் பார்க்கச் சொன்னார். லாக்மேன் சோதனை என்றார். 1976-இல் அமெரிக்காவில் எழுதி வைத்த முறை. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். 1983-இல் என் முழங்காலை யாராவது இப்படி இழுத்துப் பார்த்திருந்தால் என்று அந்த வரிசையில் நின்றபடி யோசித்தேன். யோசித்து என்ன ஆகப் போகிறது.

அப்புறம்தான் எம்ஆர்ஐ. ஏசிஎல் முழுதும் அறுந்திருந்தது, கூடவே உள்பக்க வாஷரின் வெளி ஓரத்தில் ஒரு கிழிசல். வாஷரின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் தைத்தால் கூடும். உள் ஓரத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தைத்தாலும் கூடுவது கடினம். இவளுக்கு வயதும் இடமும் சாதகமாக இருந்ததால் தைத்துவிடலாம் என்றார்கள். என் காலத்தில் எடுத்துக் குப்பியில் போட்டார்கள், இப்போது காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அறுவை என்றதும் அவள் அம்மா அழுதுவிட்டார். 'கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு சார். காலைக் கிழிச்சா நாளைக்கு யாரு சார் கட்டிக்குவா?' எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர்தான் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்தப் பிள்ளையின் முழங்காலிலேயே வரைந்து காட்டினார். சில்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள், அதில் ஒன்றில் கேமரா. சில்லுக்குக் கீழே கொஞ்சம் உள்பக்கமாக இரண்டு விரல் கட்டை அளவில் ஒரு கீறல். தொடையின் பின்பக்கத் தசையை எலும்போடு இணைக்கும் நாணில் ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த கயிறு இருந்த வழியிலேயே புதுக் கயிறாகக் கோத்துக் கட்டுவது. அறுந்ததை அப்படியே முடிச்சுப் போட்டு ஒட்டவைப்பது அல்ல. பெரும்பாலும் இப்படிப் புதிதாகத்தான் கட்டுகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏசிஎல் என்றாலே அறுவைதான் என்று நான் எழுதிவிட்டதாக ஆகும். எங்கள் தெருவில் ஒரு பையன், நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். வரப்பில் கால் சறுக்கி அவனுக்கும் அதே கயிறு அறுந்தது. வாஷர் தப்பித்திருந்தது. ஆட்டம் ஆடுகிறவன் அல்ல. அதே டாக்டர் அவனை முதலில் நாலு மாதம் உடற்பயிற்சி செய்து பார்க்கச் சொன்னார். தொடைத் தசையை முன்னும் பின்னும் ஏற்றினான். கயிறு செய்கிற வேலையில் கொஞ்சத்தைத் தசை வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் மெஷின் ஓட்டுகிறான், ஏணி ஏறுகிறான், கால் விடுவதில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, கூடவே பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. இரண்டு வருடம் கழித்து இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் ஐந்து வருடத்துக்குள் 30 பேர் அறுவைக்குப் போனார்கள், மிச்சப் பேர் கத்தியே படாமல் இருந்தார்கள். அதில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டித் திரும்புகிற ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும், கால் அடிக்கடி விடுகிறது, வாஷரும் தைக்க வேண்டியிருக்கிறது என்றால் தராசு அறுவைப் பக்கம் சாயும். நெல் மெஷின் ஓட்டவும் மாடி ஏறவும் மட்டும் என்றால் அவசரம் இல்லை. ஆக, எந்த ஜவ்வு என்று கேட்டபின் அடுத்த கேள்வி, இந்தக் காலை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்பது.

அந்தப் பிள்ளைக்கு 2024 அக்டோபரில் அரசு மருத்துவமனையிலேயே செலவில்லாமல் அறுவை முடிந்தது. அறுவை ஒன்றரை மணி நேரக் காரியம். அதற்குப் பின்னால் வந்த பத்து மாதம்தான் சிகிச்சை. இதை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. 'ஆபரேஷன் முடிஞ்சுது, இனிமே ரெஸ்ட்' என்று கட்டிலில் போட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அம்மா பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். கால் சுகமாக மடங்கியிருந்தது. அப்படியே நான்கு வாரம் விட்டால் அந்தக் கால் முழுசாக நீளாது, நீளாத காலில் நடந்தால் ஆயுசுக்கும் நொண்டல். தலையணையை எடுத்துவிட்டுக் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்கச் சொன்னார் இயன்முறை சிகிச்சையாளர், நாம் பிசியோ என்கிறோமே அவர். முழங்கால் கீழே தொங்கி நீளட்டும் என்று. வலிக்கத்தான் செய்தது. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கால் முழுசாக நீள வேண்டும், தொடையைத் தானாக இறுக்க வரவேண்டும். இரண்டும் வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

தொடை சூம்பிப் போவதைப் பார்த்துத்தான் பயந்தாள். இரண்டே வாரத்தில் இரண்டு தொடைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, படி ஏறி இறங்குவது, சைக்கிள், அப்புறம் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது என்று மெதுவாக ஏற்றினார் பிசியோ. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தாள், மற்ற நாளில் என் வீட்டு வாசலில். மூன்றாம் மாதம் வலியும் இல்லை வீக்கமும் இல்லை, ஜாக்கிங் போகிறேன் என்று அடம்பிடித்தாள். அந்த மாதம்தான் ஆபத்தானது. கோத்த புதுக் கயிறு முதல் சில மாதம் வலு இழந்து, அப்புறம்தான் உடம்பு அதைத் தன் சொந்தக் கயிறாக மாற்றிக்கொள்ளும். காலுக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும், உள்ளே கயிறு தயாராக இருக்காது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கினால் மறுபடி அறுகிற வாய்ப்பு மிக அதிகம் என்பதால் நானும் பிசியோவும் ஒரே பேச்சாக மறுத்துவிட்டோம். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

2025 ஆகஸ்டில் அவளை ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி டேப் வைத்து அளந்தோம். அடிபட்ட கால் நல்ல காலோடு ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறாவது தாண்ட வேண்டும். தொண்ணூற்று நான்கு வந்தது. அன்றைக்குத்தான் களத்தில் இறங்க விட்டோம்.

என் வீட்டம்மா கதை இதற்கு நேர் எதிர். 61 வயது. கீழே விழவில்லை, கால் பிசகவில்லை, மெல்ல மெல்ல வந்த வலி. யாரோ சொன்னார்கள் என்று எம்ஆர்ஐ எடுத்து, அதில் 'மெனிஸ்கஸ் கிழிசல்' என்று எழுதி வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் 'துளை போட்டுச் சுத்தம் பண்ணிடலாம்' என்றார்கள். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே இளம் டாக்டரிடம் போனேன். அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் படம் எடுத்தால் கிழிசல் தெரியும் என்றார் அவர். தலை நரைப்பது மாதிரி. பின்லாந்தில் 146 பேரிடம் சோதித்திருக்கிறார்கள், 2013-இல் வெளியானது. பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை நிஜமாகவே வெட்டி எடுத்தார்கள். பாதிப் பேருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டுவது போலப் பாவனை செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் தேறியிருந்தது. எங்கள் வீட்டில் துளை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி இறக்கும் பயிற்சி, காலை நடை, ஆறு கிலோ எடைக் குறைப்பு. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் அவர் ராத்திரிச் சோற்றைக் குறைத்தார், அதுவரை நான் சொன்னது எடுபடவில்லை. வலி முற்றாகப் போகவில்லை. கோவில் பிரகாரம் மூன்று சுற்று வருகிறார்.

ஆக, பதினாறு வயதில் ஆட்டத்தில் கிழிந்த வாஷரும் அறுபது வயதில் தேய்ந்து கிழிந்த வாஷரும் தாளில் ஒரே பெயர்தான். முதலாவதைத் தைக்க அவசரப்பட வேண்டும், இரண்டாவதற்குப் பொறுமை போதும். கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் மட்டும் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

பைக் விபத்தைப் பற்றி இரண்டு வரி. நம் சாலையில் முழங்கால் அடிபடுவது ஆட்டக்களத்தைவிட பைக்கில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மடங்கிய முழங்கால் நேராகப் போய் மோதினால் நடுவில் பின்னால் இருக்கும் கயிறு போகும், வெளிப்பக்கத்திலிருந்து இடித்தால் உள்பக்கக் கயிறு. உள்பக்கக் கயிறு பெரும்பாலும் பட்டி போட்டு, பயிற்சி செய்தாலே கூடிவிடும், கத்தி தேவைப்படாது. ஆனால் அடிபட்டபின் பாதம் சில்லிட்டு வெளுத்துப் போனால், விரலில் உணர்ச்சி இல்லாவிட்டால், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அங்கே கணக்கு நாளில் இல்லை, மணியில். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

என் மூட்டு மாற்றத்தைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை. பூச்சு மொத்தமும் போய், ராத்திரி தூக்கம் போய், கால் வில்லாக வளைந்த பிறகு வேறு வழி இருக்கவில்லை. பில்லில் மூட்டுச் சாமானுக்கான விலையைத் தனியாகப் பார்த்தேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் என்று நிர்ணயித்தது. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மாற்றிக்கொள்கிறவர்கள் சாமானின் விலை எவ்வளவு என்று பில்லில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் மூட்டு மாற்றும் உண்டு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அதில் துணைத் தலைவி. அதிலிருந்து எங்கள் பக்கத்து மைதானங்களில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை கூடியிருக்கிறது, பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தக் கயிறு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அறுகிற வாய்ப்பு அதிகம். துள்ளி இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்வது ஒரு காரணம். இதைப் பழக்கத்தால் திருத்த முடியும். கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' என்ற 20 நிமிட வார்ம் அப் இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்ததில் கடும் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அதிலிருந்து எடுத்துக் கபடிக்குத் தக்கபடி எங்கள் மைதானத்தில் செய்ய வைக்கிறேன். இரண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்கு, முழங்கால் கட்டை விரலுக்கு நேராக நிற்கட்டும், அவ்வளவுதான் பாடம். மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிட்டு ஆட்டத்தில் இறக்கிய என் 32 வருடத்தை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. குறுவட்டப் போட்டி நடக்கும் இரண்டு மூன்று நாளைக்கு அந்தச் சேவையில் இருப்பவர் ஒருவரை மைதானத்தில் உட்கார வைக்கக் கூடாதா? பந்தலில் விருந்தினர்களுக்குப் போடும் நாற்காலியில் ஒன்று போதும்.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'ஜவ்வு விலகியது' என்று எழுதும் முன் எந்த ஜவ்வு என்று கேளுங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தால் அதையே எழுதுங்கள், இன்னும் பரிசோதிக்கவில்லை என்று. படிக்கிற அப்பா அம்மாவுக்கு அது போதும்.

அந்த நான்கு வரிச் செய்தியில் வந்த மாணவி யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, விழுந்தது எத்தனை மணிக்கு, வீங்கியது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.